சேவியரின் நடை

முதுகெலும்பு முறிந்தபின் பொருத்திய சிப், மருத்துவமனையின் வழவழப்பான தரையில் ரெஜினாளை நன்றாகவே நடக்க வைத்தது. தெருவுக்கு வந்தால் கால் நகரவில்லை. மேடும் பள்ளமும் நெரிசலும் அதற்குப் பழக்கமில்லையாம். "வேற யாராவது அங்க நடந்து, அந்த நடையப் பதிவு பண்ணி சிப்புல ஏத்தணும்," என்றார் டாக்டர்.

கணவர் சேவியர் நடையைப் பதிவு செய்யும் செருப்பை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தூத்துக்குடித் தெருவெல்லாம் நடந்தார். அந்த நடையை ஏற்றிய மறுநாள் ரெஜினாள் மீன் சந்தைச் சகதியைத் தடுமாறாமல் தாண்டினாள்.

"யக்கா, தூரத்துல நடையப் பாத்து உங்க வீட்டுக்காரருன்னுல்லா நெனச்சேன்!" என்றாள் மீன்காரி. ரெஜினாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவள் கால்கள் தாமாகவே வளைந்து, ஒரு மக்ரூன் மிட்டாய்க் கடைக்குள் ஏறின. பின்னாலேயே வந்த சர்க்கரை வியாதிக்காரரான சேவியர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, வழக்கம்போல ஒரு பொட்டலமா?" என்றார் கடைக்காரர், வாசலில் நின்றவரைப் பார்த்து.

"தினமும் வந்தீங்களா?" என்றாள் ரெஜினாள்.

"நடந்து நடந்து களைச்சுப் போச்சுட்டி."

அவள் முறைத்துக்கொண்டே தனக்கு மட்டும் ஒரு மக்ரூன் வாங்கினாள். தெருவுக்கு வந்ததும் அதில் ஒரு கிள்ளு எடுத்து அவர் வாயில் வைத்தாள்.