ஆளை மாற்றுங்கள்

டாக்டரின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அதைப் பார்த்ததும் வயிற்று வலியே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

இன்னும் அரை மணியில் குடல்வால் ஆபரேஷன். கத்தி பிடிக்கப் போவது இந்த ஆள்.

போன வருடம் இந்த டாக்டருடைய தங்கை, அவளும் இங்கே டாக்டர்தான், முப்பத்தாறு மணி நேர டியூட்டி முடித்து ஸ்கூட்டரில் போகையில் கண்ணயர்ந்து, லாரியில் மோதிச் செத்துப்போனாள். அந்த டியூட்டிப் பட்டியலைப் போட்டவர் நிர்வாகி. 'விபத்து நடந்தது வேலை நேரத்துக்கு வெளியே' என்று ஒரே வரி எழுதி ஃபைலை மூடியவரும் அவரே. சின்ன வயசுக்காரர்களுக்குத் தூக்கம் ஒரு கேடா என்று மீட்டிங்கில் வேறு சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"எத்தனை மணி நேரமா டியூட்டில இருக்கீங்க?"

"பட்டியல் நீங்க போட்டதுதானே சார்," என்றார் டாக்டர். மழமழவென்று சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கண் மட்டும் ரத்தம்.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பதினாறு மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கும் யாரும் கத்தியைத் தொடக்கூடாது, இந்த நிமிடத்திலிருந்து அமல் என்று இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க சார். உங்களுக்கும் நல்லது."

சாகக் கிடந்தாலும் வீம்பு போகுமா? "என் பட்டியல்ல யாரும் கை வைக்க வேண்டாம். எனக்கு மட்டும் ஆளை மாத்துங்க, போதும்."

டாக்டர் காகிதத்தை மறுபடி நீட்டினார். இன்னொரு தடவை கேட்டார். நிர்வாகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, ஆளை மாற்றச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்றார் டாக்டர். எழுதியதை வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தலை தப்பியது என்று நிர்வாகிக்கு ஏக நிம்மதி.

ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் போட்ட டாக்டரம்மா ஒருத்தி தயாராக நின்றாள். மயக்க ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தூங்குமூஞ்சி போய்த் தொலைந்தானா என்று நாக்குழறக் கேட்டார் நிர்வாகி.

"அவரு ரெண்டு நாள் லீவுல நல்லாத் தூங்கிட்டு வந்தவரு சார். இன்னிக்குத் தங்கச்சி செத்த நாள், காலையில அழுதிருக்காரு."

நிர்வாகி எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு அசையவில்லை.

"முப்பத்தாறு மணி நேரமா கண்ணு மூடாம நிக்கிறது நான்தான்."