பிலிம் மாப்பிள்ளை

"இது பிலிமுங்க ஐயா. இதுல கறுப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ளை கறுப்பாத் தெரியும். உலகச் சண்டை முடியுற வரைக்கும் சீமையிலேர்ந்து போட்டோ பேப்பர் வராது போலிருக்கு," என்றார் அரியலூர் ஸ்டூடியோக்காரர் தங்கராசு.

வைத்திலிங்கம் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஐம்பத்தைந்து வயதில் பஞ்சாக நரைத்த தலை, அதில் கருகருவென்று இருந்தது. வெயிலில் கறுத்த முகமோ துரைமார் முகம்போல் வெளுத்திருந்தது.

"பேப்பரே வேண்டாம்யா. இதையே குடு!"

பெண்சாதி போய்ச் சேர்ந்ததிலிருந்து உடையார்பாளையத்து வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை உழவு மாடுகள்தான். இப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. அதைக் கோட்டைவிட அவருக்கு மனமில்லை.

பிலிமோடு பெரம்பலூர் போன தரகர் ராசாங்கம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"சரின்னுட்டாங்க! பொண்ணு பேரு ஜெகதாம்பாள். தம்பிங்களை ஆளாக்குறதுல கல்யாணம் தள்ளிப் போயிருச்சாம். பொண்ணு வெளிய வரலை, படம்தான் காட்டுனாங்க. என்னா முடிங்கிறீங்க! காக்கா தோத்துப் போயிரும். செட்டிகுளம் கோயிலுக்கு வரச் சொன்னாங்க."

அன்றிலிருந்து வைத்திலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயசுக்காரியை இப்படி ஏமாற்றலாமா? உண்மையைச் சொன்னால் வந்த வழியே போய்விடுவாளே! கடைசியில், நடப்பது நடக்கட்டும் என்று தலைப்பாகைகூடக் கட்டாமல் கிளம்பினார்.

கோயில் மண்டபத்தில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். கூட வந்தவர்கள் அர்ச்சனைக்குப் போயிருந்தார்கள். கறுத்த முகம், வெளுத்த தலை. பெண்ணுக்கு அத்தையோ பெரியம்மாவோ என்று வைத்திலிங்கம் கும்பிட்டார்.

"வாங்க. மாப்பிள்ளை வரலீங்களா? நீங்க அவரோட அப்பாங்களா?"

வைத்திலிங்கம் நரைத்த தலையைத் தடவிக்கொண்டார். "நாந்தாங்க மாப்பிள்ளை. அந்தப் படத்தை நம்பாதீங்க. அது பிலிமு. நரைச்ச தலை அதுல கறுப்பாத் தெரியும். பேப்பர் கிடைக்கலைன்னு சாக்குச் சொல்லி அப்படியே அனுப்பிட்டேன். தப்புத்தாங்க. பொண்ணு எங்கேன்னு சொன்னா, அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போயிடறேன்."

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"மொதல்ல உக்காருங்க. எங்க ஊர்லயும் பேப்பர் கிடைக்கலை!"