இடக்கைச் சாய்வு

அப்பா மூங்கில் பேனா செய்பவர். கட்டுக்குப் பன்னிரண்டு. முனையைச் சாய்வாக நறுக்கி, நடுவில் மெல்லிய கீறல் விடுவார். நான் ஒவ்வொன்றையும் மையில் தோய்த்து, ஒரு கோடு இழுத்துப் பார்த்துக் கட்டுவேன்.

பதின்மூன்றாவதாக ஒன்றை எதிர்ப்பக்கச் சாய்வில் நறுக்குவார். அது அக்காவுக்கு. அவள் இடக்கைக்காரி. தவறிப்போய் வலக்கைப் பேனாவைக் கொடுத்தால் காகிதமும் கிழியும், என் காதும் கிழியும்.

அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. பதின்மூன்றாவது பேனா நிற்கவில்லை.

“கை பழகிப்போச்சும்மா” என்பார் அப்பா. நானும் அதை மையில் தோய்க்காமலே அவள் மேசைக் குவளையில் போட்டுவிடுவேன்.

இன்று கட்டும்போது ஒரு பேனா பிளந்துவிட்டது. முனையை மாற்றி நறுக்கி ஈடுகட்டலாமென்று, குவளையிலிருந்து ஒன்றை எடுத்தேன். முனை பழைய செருப்பு மாதிரி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. கீறலில் மை காய்ந்திருந்தது. மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான்.

அப்பாவிடம் நீட்டினேன். “நீங்க எழுதினீங்களாப்பா?”

“இந்தச் சாய்வுல எனக்கு எங்க எழுத வரும்?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முனையை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் தடிமனா விட்டுச் சீவணும். அவ எப்பவும் அழுத்தித்தான் எழுதுவா.”

அவர் சீவி முடித்ததும் பேனாவைக் குவளையில் வைத்தேன். அவள் மேசையில் வலப்பக்கம் இருந்த மைக்கூட்டை இடப்பக்கம் நகர்த்திவிட்டு வந்தேன்.