நான்காவது பெண் மீன்

பிற்பகல் வெயில் வாத்தியார் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விழுந்து, சுவரில் நீர்வளையங்களாக ஆடிக்கொண்டிருக்கிறது. வளர்ப்பு மீன் கடைக்காரம்மா தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கு உரசப் பார்க்கிறாள். மாற்றிக் கொடுக்க அவள் கொண்டுவந்த ‘ராஸ்’ என்ற சின்னக் கடல்மீன், பக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உயிரியல் வாத்தியார் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெண் என்று சொல்லி ஆணைத் தலையில் கட்டிவிட்டாய், நீ ஏமாற்றுக்காரி என்று காலையில்தான் அவள் கடையில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார்.

“இங்க இருந்த ஆண் மீன் எங்க சார்?”

“அது செத்து ஒன்றரை மாசம் ஆச்சு.”

“அதான். ஆண் போயிட்டா, கூட்டத்துலயே பெரிய பெண்ணு ஆணா மாறிடும். இந்த இனம் அப்படித்தான். நான் குடுத்தது பெண்ணுதான் சார்.”

புதிதாக நீலக்கோடுகள் ஏறிய அந்த மீன், துடுப்பை விரித்தபடி மற்ற மூன்றையும் சுற்றி வருகிறது. அவை ஒதுங்கி வழிவிடுகின்றன. “நீங்க பள்ளிக்கூடத்துல எடுக்கறது என்ன பாடங்க?” என்று அறைவாசலில் நிற்கும் அவர் மனைவி கேட்கிறாள். வாத்தியாருக்குக் காதுமடல்கள் சுடுகின்றன. கட்டியிருந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கடைக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். பின்னாலேயே வந்த வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்கம்மா” என்கிறார்.

அவள் குரலில் கோபமே இல்லை. “அதை இங்க சொல்லி என்ன சார்? கடைக்கு வந்து சொல்லுங்க. காலையில அங்க ஆறு பேர் நின்னுட்டிருந்தாங்க.”

வாத்தியார் செருப்புக்குள் காலை நுழைக்கிறார்.