நடுக்கத்துக்குப் பால்கோவா

மதுரை ஆஸ்பத்திரியில் வாங்கிய ஊசி மருந்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் ஒரே கையில் பிடித்தபடி ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஐயாதுரை, கால் இடறியபோது பால்கோவாவைத்தான் காப்பாற்றினார். மருந்துக் குப்பி தூள்தூளானது.

மனைவி பரிபூரணத்துக்கு, உடம்பின் காவல் சக்தியே நரம்பை அரிக்கிற வியாதி. அதை அடக்கும் புது மருந்தின் ஆராய்ச்சியில் அவளையும் சேர்த்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மருந்தாக இருந்தால் குளிர்காய்ச்சல் வரும் என்று நர்ஸம்மா மட்டும் இருவர் காதையும் கடித்திருந்தாள்.

பரிபூரணம் ஒவ்வொரு ஊசிக்கும் நடுங்கினாள். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று தெருவுக்கே பால்கோவா கொடுத்த மனிதர் உலகத்தில் ஐயாதுரை ஒருவர்தான்.

உடைந்ததைச் சொல்லத் தைரியமில்லாமல், மருந்துக் கடையில் உப்புத்தண்ணீர் வாங்கி, வழக்கம்போல் தானே ஊசி போட்டுவிட்டார்.

செத்த நேரத்தில் கட்டில் கிடுகிடுத்தது.

"யம்மா, குளிருதே! கம்பளியப் போடுங்க!"

ஐயாதுரைக்கு வியர்த்தது. "ஏட்டி, குப்பிய ஒடச்சிட்டேன். இன்னைக்குப் போட்டது வெறும் தண்ணி. நீ எதுக்கு நடுங்குத?"

கட்டில் நின்றது.

"எனக்கு ஒருநாளும் குளிரலங்க. நமக்கு வாய்ச்சது தண்ணிதான்னு தெரிஞ்சா நீங்க ஒடஞ்சி போவியளேன்னுதான் நடுங்குனேன்."