வெள்ளிக்கிழமை மாத்திரை

இழுப்பறைக்குள் கிடந்த கருத்தடை மாத்திரை அட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்து விழுந்த கர்ப்பப் பரிசோதனைக் குச்சி இரண்டு கோடு காட்டியது. அடுத்த மாதம் மறுபடி வேலைக்குக் கிளம்ப இருந்த வளர்மதி, கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“பொய் சொல்றியா? அவ என்னை ஒரு நாளும் மறந்ததில்லையே!” என்றது அட்டை.

“நான் பார்த்ததைச் சொன்னேன். உன்கிட்ட அங்கங்கே மாத்திரை அப்படியே உட்கார்ந்திருக்கே, அதென்ன?”

“அதெல்லாம் வெள்ளிக்கிழமை. விரதம். பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது. அது மறதி இல்லப்பா, பக்தி.”

“விரதம் அவளுக்குச் சரி. கருவுக்குமா?”

அட்டை இன்னும் குழம்பியது. “அப்போ மாத்திரை சாப்பாட்டுல சேராதா? எங்கிட்ட யாரும் சொல்லலையே!”

“அவகிட்டயும்தான்” என்றது குச்சி.