இடப்பக்கத் திருப்பம்

"வலப்பக்கம், மர்டோ! வலப்பக்கம் திரும்பு!" ஒத்திகையில் எல்ஸ்பெத் பல்லைக் கடித்தாள்.

கிளாஸ்கோவில் கூரை போட்ட அந்தப் பழைய நகைக்கடைச் சந்து போலவே, நடுவில் ஒரு திருப்பம் வைத்து அவளே அமைத்த நடனம் இது. சந்தின் முன்வாசல் தேநீர்க்கடையில்தான் அவளுக்கு வேலை. வருஷக்கணக்காகக் காதலிக்கும் இந்த மரமண்டைக்கு மோதிர ஞாபகம் வரட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

அரங்கேற்றத்திலும் மர்டோ இடப்பக்கமே திரும்பி, எதிரே ஆடி வந்த பாதிரியார் மேல் மோதினான். பிடில் நின்றது. மண்டபமே சிரித்தது.

அவனை ஓரமாக இழுத்துப் போனாள். "முன்வாசல்ல நுழைஞ்சா வலப்பக்கம்தானே திரும்பணும்? அந்தச் சந்துப் பக்கம் ஒரு தடவையாவது எட்டிப் பாத்திருக்கியா?"

"ஒரு மாசமா தினம் மத்தியானம் போறேன்டி."

"புளுகாதே! என் கண்ணுல படாம எப்படிப் போவே?"

"பின்வாசல் வழியா. அங்கேருந்து வந்தா இடப்பக்கம்தான் திரும்பணும். காலுக்கு அதுவே பழகிடுச்சு."

இடுப்பில் கட்டியிருந்த கில்ட் பாவாடையின் முன்னால் தொங்கிய தோல்பையிலிருந்து ஒரு குட்டிப் பெட்டியை எடுத்தான்.

"ஒரு மாசம் பாத்துப் பாத்து எடுத்தது. கையை நீட்டு. மோதிரத்துக்கும் இடதுதான்."